அண்ணனுக்கு ஓர் அறை

குருவிகளுக்கு அந்த மூலையில் என்ன கிடைக்கிறது என்று செவ்வந்திக்குப் புரியவில்லை.

கூடத்தில் நெல் காயப் போட்டிருக்கவில்லை. முறத்தில் எதையும் புடைக்கவும் இல்லை. காலையில் அவளே தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்துவிட்ட தரை, ஓரங்களில் இன்னும் ஈரம் மின்னிக்கொண்டிருந்தது. ஆனாலும் குருவிகள் முற்றத்து வழியாக இறங்கி, கூடத்தைத் தத்தித் தத்திக் கடந்து, வடக்கு மூலையில் இருந்த பலகை அறையின் சுவரடிக்குப் போய்க் கொத்திக்கொண்டிருந்தன. வெறும் தரையைக் கொத்துகிற குருவி சீக்கிரமே அலுத்துப்போய்ப் பறந்துவிடும். இவற்றுக்கு அலுக்கவில்லை. அவள் துடைப்பத்தை ஓங்கியதும் எல்லாம் எழுந்து பறக்க, ஒன்று மட்டும் கடைசியாகக் குனிந்து, எதையோ அலகால் கவ்வி, உமியை உதறுவதுபோல் தலையை உதறி, விழுங்கிவிட்டுப் போனது. செவ்வந்தி குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

ஐப்பசி அடைமழை. பகலிலேயே வீட்டுக்குள் விளக்கு வேண்டியிருந்தது. மழை இருட்டு கண்ணை ஏமாற்றுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுப்பங்கரைக்குத் திரும்பினாள்.

அது புது வீடு. ஆனால் ஆணியும் கொண்டியும் தவிர அதில் புதிதாக வாங்கியது எதுவுமில்லை. சிமெண்ட் பர்மிட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு ஊரே காத்துக் கிடந்த காலத்தில், அவள் கணவன் தியாகேசன் ஒரு மூட்டை சிமெண்ட் இல்லாமல் வீட்டைக் கட்டிவிட்டான். கட்டடத்துக்குப் பிளான் போடுவது அவன் தொழில். நில உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகு பெரிய பண்ணை வீடுகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. நிலத்தை ஆளுக்கொரு பெயரில் எழுதிவிட்டு வாரிசுகள் மெட்ராஸுக்குக் கிளம்ப, அந்த வீடுகளின் வாசலில் முதல் ஆளாகப் போய் நிற்பவன் தியாகேசன்தான். “இடிக்கிறதுன்னு சொல்லாதீங்க. பிரிக்கிறதுன்னு சொல்லுங்க” என்பான். நிலையையும் கதவையும் உத்தரத்தையும் சேதமில்லாமல் கழற்றி எடுத்து வந்து, அவற்றின் அளவுக்குத் தக்கபடி புது வீட்டை வரைவான். சன்னலை வைத்துக்கொண்டு அதற்கேற்ற சுவரை யோசிப்பான். உடைந்த செங்கல்லைத் தூளாக்கிச் சுண்ணாம்போடு சேர்ப்பான். உடைந்த ஓட்டுக்குத் தரைக்கடியில் ஓர் இடம் வைத்திருப்பான். “ஒரு கூடை குப்பை வெளிய போச்சுன்னா என் பிளான்ல கோளாறுன்னு அர்த்தம்” என்று அவன் சொல்லும்போது செவ்வந்திக்குப் பெருமையாக இருக்கும். எதையும் வீணாக்காத மனிதன் மனிதர்களையும் கைவிட மாட்டான் என்று அவள் நம்பியிருந்தாள்.

பலகை அறை அவள் அண்ணன் செல்லதுரைக்காகக் கட்டியது.

கூலிப் போராட்டம் நடந்த வருஷம், சம்பா அறுப்புக்குப் பண்ணையார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கியபோது, வண்டிப்பாதையில் குறுக்கே படுத்து லாரியை மறித்தவன் செல்லதுரை. சங்கத்து ஆட்களில் அவனைத்தான் எல்லோரும் தேடினார்கள். போலீஸ் ஒரு பக்கம், பண்ணையாட்கள் ஒரு பக்கம். அன்றைக்கு மறைந்தவன்தான். கடைசியாக அவனைப் பார்த்தவன் தியாகேசன். அவளுக்கு அத்தை மகன், அண்ணனுக்குக் கூட்டாளி. அப்போது அவன் பண்ணை வீட்டில் களத்து நெல் வரவை எழுதும் வேலையில் இருந்தான். நீடாமங்கலத்தில் ரயில் ஏற்றிவிட்டதாகச் சொன்னான். எங்காவது பம்பாய்ப் பக்கம் போய்ப் பிழைத்துக்கொள்வான் என்றான். “செவ்வந்தியப் பாத்துக்க மச்சான், அதான் அவன் கடைசியா சொன்னது” என்றான்.

அந்த ஒரு பேச்சுக்காகத்தான் அவள் தியாகேசனைக் கட்டிக்கொண்டாள். ஐயர் இல்லாமல், மேடை போட்டு, கட்சிக்காரர் மாலை எடுத்துக் கொடுத்த கல்யாணம். மைக்கைப் பிடித்து, “என் மச்சான் ஒருநாள் வருவான், எங்க வீட்டுலதான் வந்து தங்குவான்” என்று தியாகேசன் சொன்னபோது பந்தலில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதனால்தான் வீட்டுக்குப் பிளான் போடும்போதே அண்ணனுக்கு ஓர் அறை கேட்டாள். அவன் கொஞ்ச நேரம் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பாக்கலாம்” என்றான். வீடு முடிந்து குடி வந்த பிறகும் அந்த மூலை வெறுமனே கிடந்தது. பிறகு அதிராம்பட்டினத்தில் சேக் தாவூது மரைக்காயரின் பழைய கிடங்கைப் பிரித்து வீடாக மாற்றும் வேலை வந்தது. தியாகேசன் போய்விட்டான். மழை பிடித்துக்கொண்டதில் வருவது தள்ளிக்கொண்டே போனது.

அந்தச் சமயத்தில்தான் காயாரோகணம் ஆசாரி பத்தாயத்துப் பலகைகளைப் பற்றிக் கேட்டார். தியாகேசன் முன்பு நெல் கணக்கெழுதிய அந்தப் பண்ணை வீட்டையும் போன கோடையில் பிரித்திருந்தார்கள். அங்கே நெல் கொட்டிவைக்கும் பத்தாயம் ஒரு சின்ன வீடு மாதிரி இருக்கும். ஆள் ஏணி வைத்து மேலேறித்தான் கொட்ட வேண்டும். அதன் பலகைகளைத் தியாகேசன் வேறு யாருக்கும் விற்க விடாமல் தானே கொண்டுவந்து கொல்லையில் அடுக்கி ஓலையால் மூடிவைத்திருந்தான்.

“உங்க வீட்டுக்காரரு என்ன சொல்லிட்டுப் போனாரு தெரியுமா?” ஆசாரி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். “எல்லாத்தையும் கலைச்சுப் போட்டு, உள்பக்கத்த நல்லா இழைச்சுத் தள்ளிட்டு, பரணுக்கு அடிச்சுடுங்கன்னாரு. மரத்தூளக்கூட அள்ளி வெக்கிற மனுசன், இத மட்டும் இழைச்சுத் தள்ளுங்கறாரு.”

“ஏனாம்?”

“யாரு கண்டா. நெல்லு தேச்சுத் தேச்சு இரும்பா ஆன மரம்மா இது. இழைப்புளி போட்டா ரெண்டு இழுப்புல மழுங்குது. அதோட, பழைய பலகை ஒன்னோட ஒன்னு பழகிக் கெடக்கும். கலைச்சா எடம் கொடுக்காது. பிரிக்கறப்பவே வரிசைக்கு உளியால கொத்தி அடையாளம் வெச்சிருக்கேன். எங்க தொழில்ல அப்படித்தான்.”

செவ்வந்தி பலகையின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். வருஷக்கணக்காக நெல் வழிந்து வழிந்து மெருகேறிய மரம், வளையல் மாதிரி வழுவழுத்தது. இதையா பரணுக்குப் போடுவது?

“ஆசாரியாரே, அந்த மூலையில இதையே சுவரா நிறுத்தி ஒரு ரூம் அடைச்சுட முடியுமா? வழுவழுன்னு இருக்கறது உள்பக்கம் வர்ற மாதிரி.”

“தாராளமா. பத்தாயத்த அப்படியே தூக்கி நிறுத்துற மாதிரிதானே. மூடி மட்டும் இல்ல, காத்துக்கு மேல ஒரு முழம் விட்டுடலாம். ஒரு பக்கம் அறுத்து வாசல் வெச்சுடுறேன்.” ஆசாரி எச்சிலைத் துப்பிவிட்டு வந்தார். “உங்க அண்ணன் வந்து படுத்தாருன்னா பூச்சி பிடிக்காம கிடப்பாரு, விதைநெல்லாட்டம்.”

“வாய வெச்சுக்கிட்டு சும்மா இருங்க. மாமாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

அப்படி நின்றதுதான் அந்த அறை. மூன்று பக்கம் பலகை, ஒரு பக்கம் செங்கல், உள்பக்கம் திறக்கும் ஒற்றைக் கதவு. செவ்வந்தி கோரைப் பாய் விரித்து, துவைத்த வேட்டியை மடித்துத் தலையணைமேல் வைத்தாள். மறுநாளிலிருந்து குருவிகள் வந்தன.

பிறகு அந்தச் சத்தம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்திருந்தபோது, ஓட்டில் விழும் மழையின் சத்தத்துக்குள் இன்னொரு மழையின் சத்தம் கேட்டது. இது காய்ந்த மழை. கனமில்லாமல், நிறுத்தமில்லாமல், ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்து சரிந்து விழுகிற சத்தம். சிறு வயதிலிருந்து களத்தில் கேட்ட சத்தம்தான். சாக்கின் வாயை அவிழ்த்துக் கவிழ்க்கும்போது நெல் அப்படித்தான் விழும். எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள். பாய் இருந்தது, தலையணை இருந்தது, வேட்டி இருந்தது. சத்தம் நின்றிருந்தது. ஆனால் வெளியே வந்த பிறகு கையும் கழுத்தும் அரித்தன. நெற்சுணை பட்டால் அரிப்பதுபோல, குளித்த பின்னும் விடாமல்.

அடுத்த நாள் பலகையில் கை வைத்தவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள். பலகை சூடாக இருந்தது. வெயில் முகம் காட்டாத நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ. வீட்டில் உப்புக்கூடக் கசிந்து நீராகிக்கொண்டிருந்தது. அந்தச் சூடு அடுப்பின் சூடு அல்ல. ஈர நெல்லைக் காயவைக்காமல் குவித்துவிட்டால் குவியலுக்குள் பிடிக்குமே, அந்தப் புழுக்கம். கையை உள்ளே விட்டால் உயிருள்ள எதையோ தொட்ட மாதிரி இருக்கும். அறுவடைக் காலத்துப் பெண் யாருக்கும் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அரிக்கேன் விளக்கை ஏற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சுவரில் எங்காவது கரையான் புற்று இருக்கிறதா, அதுதான் சூடா என்று பார்க்கத்தான் போனாள். விளக்கைத் தரையோரமாக நகர்த்தியபோது மேற்குப் பலகையில் கீறல்கள் தெரிந்தன. எலி என்று நினைத்தாள். பெருச்சாளி பத்தாயத்தைச் சுரண்டும். விளக்கை உயர்த்தினாள். முழங்கால் உயரத்தில் இன்னும் சில. இடுப்பு உயரத்தில் இன்னும் ஆழமாக. ஒவ்வொரு பலகையிலும் தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமில்லை; பலகைகள் தங்கள் வரிசையில் நின்றதால், ஒன்று விட்ட இடத்தில் அடுத்தது தொடங்கி, கீறல்கள் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தன. கால் வைக்கும் இடம் உயர உயர, கையும் உயர்ந்துகொண்டே போனதுபோல. நாலு நாலாக. எலி நகத்துக்கு ஏது இத்தனை அகலம்.

அவள் தன் விரல்களை அந்தப் பள்ளங்களில் வைத்துப் பார்த்தாள். பொருந்தின. கொஞ்சம் பெரிய கை.

மேலிருந்து இரண்டாவது பலகையில் கீறல்கள் நின்றுபோயிருந்தன.

தியாகேசன் மறுநாள் சாயங்காலத்துக்கு முன்பே வந்துவிட்டான். நனைந்த சட்டையைக் கழற்றிக்கொண்டே மரைக்காயர் வீட்டுப் பிரியாணியைப் பற்றிப் பேசினான், கிடங்கில் பர்மா தேக்கு இருக்கிறது என்றான், துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு கூடத்துக்குள் வந்தான். துண்டு தலையிலேயே நின்றது.

“யாரு இத நிறுத்தினா?”

“நான்தான் சொன்னேன் மாமா. அண்ணனுக்கு.”

“இழைக்கச் சொன்னேனே.”

“உள்ள வந்து பாருங்க.”

வரமாட்டான் என்று நினைத்தாள். வந்தான். அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீறல்களை அவள் காட்டவில்லை. அவனே பார்க்கட்டும் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதிதாகப் பார்க்கிறவன் கண் கீழே தொடங்கி மெல்ல மேலே ஏறும். அவளுக்கு அப்படித்தான் ஏறியது. தியாகேசனின் கண் நேராக மேலே போயிற்று. மேலிருந்து இரண்டாவது பலகைக்கு. அது எங்கே முடிகிறதென்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

அவளுக்குள் ஏதோ ஒன்று, இத்தனை வருஷமாகத் தாங்கி நின்றது, ஓசையில்லாமல் உட்கார்ந்தது.

“அண்ணன எந்த ரயில்ல ஏத்துனீங்க?”

அவன் துண்டைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டான்.

“எத்தன தடவ சொல்லியிருக்கீங்க. இன்னொரு தடவ சொல்லுங்க.”

“செவ்வந்தி.” அவன் வெளியே கூடத்துக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தான். “காப்பாத்தத்தான் பாத்தேன். சத்தியமா. பத்தாயம் காலியா கெடந்துச்சு. பண்ணையார் வீட்டுக்குள்ளயே யாரு தேடுவா? நான்தான் எறங்கச் சொன்னேன். விடியறதுக்குள்ள வெளிய எடுத்துடலாம்னு.”

“அப்பறம்?”

“லெவி நெல்லு எடுக்க சர்க்கார் ஆளு அளக்க வர்றாங்கன்னு தகவல் வந்துருச்சு. களத்து நெல்ல ராவோட ராவா மறைக்கணும்னு வண்டி வண்டியா கொண்டாந்து கொட்டுனாங்க.”

“நீங்க எங்க நின்னீங்க?”

மழை விட்டிருந்தது. முற்றத்து ஓட்டிலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டது.

“மூட்டைய எழுதிக்கிட்டு இருந்தேன்.”

அவளுக்கு அது கண்ணில் ஓடியது. மூட்டை வண்டியிலிருந்து இறங்குகிறது. ஏணியில் ஏறுகிறது. கவிழ்கிறது. அவன் எழுதுகிறான். அடுத்தது இறங்குகிறது.

“கூப்பிட்டாரா?”

“நெல்லு கொட்டுற சத்தத்துல யாருக்கும்...”

“உங்களுக்குக் கேட்டுச்சா?”

அவன் தரையைப் பார்த்தான். “மச்சான்னான்.”

“செவ்வந்தியப் பாத்துக்கன்னு?”

“அதெல்லாம் இல்ல. மச்சான் மச்சான்னு மட்டுந்தான். சொல்லியிருந்தா என்னையும் அதுக்குள்ளயே எறக்கியிருப்பாங்க செவ்வந்தி. அப்பறம் நெல்ல அள்ளறப்ப பண்ணையாளுங்களே கொண்டுபோய்ப் பொதைச்சுட்டாங்க. அந்தப் பலகைய வித்தா எவனாச்சும் பாத்துருவான். எரிச்சா, நல்ல மரத்த ஏன் எரிக்கிறேன்னு ஊரு கேக்கும். இழைச்சுட்டா ஒண்ணுமில்லன்னு...”

அண்ணனைக் கொன்றதைவிட, அந்த வாக்கியத்தைக் கட்டியதுதான் அவளால் தாங்க முடியவில்லை. செவ்வந்தியப் பாத்துக்க மச்சான். அதை அளவெடுத்து, அவளுக்குப் பொருந்தும்படி செய்து, அதற்குள் அவளைக் குடிவைத்திருந்தான். இத்தனை வருஷமும் அதற்குள்தான் இருந்திருக்கிறாள்.

அவன் எழுந்தான். கொல்லையிலிருந்து கடப்பாறையைக் கொண்டுவந்தான். “பிரிச்சுடுறேன். இப்பவே. இத மட்டும் எரிச்சுடுறேன்” என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு அறைக்குள் போனான். கதவு அவன் பின்னால் மெல்லச் சாத்திக்கொண்டது.

ஓர் அடி விழுந்தது. பலகை அதிர்ந்தது. இன்னொரு அடி.

அதற்குமேல் அடி விழவில்லை.

“மழை வலுத்துடுச்சா?” உள்ளிருந்து கேட்டான்.

செவ்வந்தி முற்றத்தைப் பார்த்தாள். மழை இல்லை. சொட்டுவதும் நின்றிருந்தது. ஆனால் சத்தம் இருந்தது. காய்ந்த சத்தம். சரிந்து, சரிந்து.

“செவ்வந்தி. மேல யாரு?”

அவள் அண்ணாந்தாள். ஓடு. உத்தரம். வேறு யாருமில்லை.

“கால எடுக்க முடியல. கதவத் தெற.”

தள்ளினாள். விரல் அளவு உள்ளே போன கதவு, நிறைந்த மூட்டையில் முட்டியதுபோல் நின்றது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். முழுப் பலத்தையும் கொடுக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. இடுக்கு வழியாகத் தூசு வந்தது. சுணை. கண் எரிந்தது.

“தள்ளுறேன் மாமா. வரமாட்டேங்குது.”

உள்ளே சுரண்டும் சத்தம். முதலில் கீழே. பிறகு அவள் இடுப்புக்கு நேராக. பிறகு நெஞ்சுக்கு நேராக. மேலே. இன்னும் மேலே. அவன் ஏறுகிறான். மூச்சு கேட்டது. வாயில் எதுவோ அடைத்த மூச்சு.

பலகைக்கும் ஓட்டுக்கும் நடுவே விட்ட இடைவெளியில் விரல்கள் தெரிந்தன.

நாலு விரல்கள். பலகையின் விளிம்பைப் பற்றின. நழுவின. மீண்டும் பற்றின.

என்ன இருந்தாலும் உயிர். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். எட்டி அந்தக் கையைப் பிடித்தாள். அது உடனே திரும்பி அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டது. காய்ந்த கை. வைக்கோல்போல் கனமற்ற கை. உள்ளே மட்டும் சூடு.

“விட்டுடாதீங்க மாமா. பிடிச்சுக்கங்க.”

“செவ்வந்தி.”

குரல் மேலிருந்து வரவில்லை. அவள் காலடியிலிருந்து வந்தது. அடிப்பலகைக்குப் பின்னாலிருந்து, தரையோடு தரையாக, நெல்லுக்கு அடியிலிருந்து.

“செவ்வந்தி... நான் இங்க கீழ இருக்கேன்...”

அவள் தன் கையைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த விரல்களுக்கு நகங்கள் இல்லை. இருந்த இடங்களில் மரத்தூள். அந்தக் கை அவளை இழுக்கவில்லை. நசுக்கவில்லை. வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தது, பிடிக்கக் கிடைத்ததே போதும் என்பதுபோல.

கீழே குரல் இன்னொரு முறை அழைத்தது. பாதிப் பெயர்தான் வந்தது.

கதவை உடைக்க வேண்டுமானால் முக்காலியிலிருந்து இறங்க வேண்டும். இறங்க வேண்டுமானால் கையை விட வேண்டும்.

நெல் கொட்டிக்கொண்டிருந்தது.

அவள் விடவில்லை.